ஒப்புக்கு ஒரு மாத்திரை

போர்த்தோ அலெக்ரி
மார்ச் 21, 2004

அன்புத் தம்பி அபரிசியோவுக்கு,

நீயும் மார்லேனியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே எனக்கும் குறை ஒன்றுமில்லை. வலது கை மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. மற்றவை எல்லாம் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன.

இரண்டு வாரமாக உனக்குப் போன் செய்து அலுத்துவிட்டேன். மணியே அடிக்கவில்லை. கடைசியில் உன் ஊர் லாரிக்காரர் ஒருவர், மின்னல் விழுந்து உங்கள் வீட்டு இணைப்பு கருகிவிட்டதாகச் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கல்யாண கேக்குகளில் சர்க்கரை ரோஜா பூக்க வைத்த கை, இப்போது 'ஜில்டா' என்று எழுதுவதற்கே திணறுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு பரிசோதனையில் சேர்ந்திருக்கிறேன். பதறாதே, ஊசி கத்தி எதுவும் இல்லை. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இவோனே என்று ஒரு டாக்டரம்மா. என் நடுக்குவாதத்தைப் பார்ப்பவர் அவர்தான். பி2 என்கிற வைட்டமினை நிறையக் கொடுத்தால் இந்த நோய் அடங்குமா என்று பார்க்கப் போகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மருந்துக்கடையில கிடைக்கிறதுதானே டாக்டர்?" என்றேன்.

"கிடைக்கும் ஜில்டாம்மா. ஆனா அது வேலை செய்யுதா இல்லையான்னு கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உங்களைக் கூப்பிடறேன்" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்த இடத்திலேயே சம்மதித்துவிட்டேன்.

பாதிப் பேருக்கு வைட்டமின். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. வழக்கமான மருந்து எல்லாருக்கும் அப்படியே தொடரும். என் பக்கத்து நாற்காலியில் ஒல்மிரோ என்று ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர், "அப்போ பாதிப் பேர் ஒப்புக்குச் சப்பாணியா?" என்று கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

நிபந்தனை ஒன்று உண்டு. கேட்டால் நீ நெஞ்சைப் பிடித்துக்கொள்வாய். ஆறு மாதம் மாட்டிறைச்சி தொடக் கூடாது.

மார்லேனிக்கு என் முத்தங்கள். விடுதலை மாதா உங்கள் வாசலில் நிற்கட்டும்.

உன் அக்கா
ஜில்டா


லிவ்ரமெண்ட்டோ
ஏப்ரல் 18, 2004

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கை ஆடினாலும் எழுத்தில் அதிகாரம் குறையவில்லை என்று மார்லேனி சொன்னாள். நாங்கள் இருவரும் சௌக்கியம். மழை நன்றாகப் பெய்து மேய்ச்சல் நிலம் பச்சைப் பசேலென்று இருக்கிறது.

மாட்டிறைச்சி இல்லாமல் ஆறு மாதமா! நம் அப்பா இருந்திருந்தால் உன் பெயரைக் குடும்பத்திலிருந்தே நீக்கியிருப்பார். இந்த ஊரில் பிறந்தவள் கோழியும் கீரையும் தின்று வாழ்கிறாள் என்பதை நான் வெளியில் சொல்லப் போவதில்லை. சந்தையில் கேட்டால், "அக்கா மடத்துல சேர்ந்துட்டா" என்று சொல்லிவிடுகிறேன். அதில் மானம் மிஞ்சும்.

போன் விஷயம். சரி செய்கிறவன் வருகிறேன் வருகிறேன் என்கிறான், வரக் காணோம். எனக்கும் அவசரமில்லை. கடிதம் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பேசலாம்.

இந்தப் பருவத்து மாட்டு ஏலங்களைக் கூவுவதை என் உதவியாள் நெல்சியிடம் விட்டுவிட்டேன். தொண்டையில் ஏதோ சளி, இறங்க மாட்டேன் என்கிறது. நெல்சிக்குக் குரல் இருக்கிறது, கூட்டத்தைக் கிளறத் தெரியவில்லை. 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்பதை ஜெபம் சொல்கிற மாதிரி சொல்கிறான். கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வருகிறது. பழகிவிடுவான்.

இப்போதெல்லாம் கடையில் வருகிற மாத்தே தேயிலையில் கலப்படம் அக்கா. குடுவையில் கொதிநீர் ஊற்றினால் வாசனையே எழும்புவதில்லை. மூன்று கடை மாற்றிப் பார்த்துவிட்டேன். போர்த்தோ அலெக்ரியில் நல்லதாகக் கிடைத்தால் ஒரு பொட்டலம் அனுப்பு.

உன் கை சீக்கிரம் அடங்கட்டும்.

தம்பி
அபரிசியோ


போர்த்தோ அலெக்ரி
மே 23, 2004

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதம் வரும்போது உன் தொண்டை தெளிந்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேனும் எலுமிச்சையும் மறந்துவிடாதே. மாத்தே இலை தனிப் பொட்டலமாக வருகிறது. நான் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன், மூக்கைத் துளைக்கிறது.

அது என்ன கையெழுத்து அபரிசியோ? எறும்பு வரிசை போகிற மாதிரி! கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி வைத்துப் படித்தேன். கஞ்சன் மாதிரி சிக்கனம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாயா? காகிதம் என் செலவில் வாங்கிக்கொள், பெரிதாக எழுது.

இங்கே நடந்த கூத்தைக் கேள். மாத்திரை ஆரம்பித்த மறுநாள் காலை கழிப்பறையில் அலறிவிட்டேன். சிறுநீர் மஞ்சள் என்றால் மஞ்சள், சூரியகாந்திப் பூ தோற்றுவிடும். அந்த வைட்டமின் அப்படித்தான் செய்யுமாம். அப்படியானால் எனக்குக் கிடைத்தது நிஜ மாத்திரை! ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். போனால், ஒல்மிரோ எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருக்கிறார். "எனக்கு மஞ்சள்! உங்களுக்கு?" என்று கேட்டுக் கேட்டு. எல்லாருக்கும் மஞ்சள்.

டாக்டர் இவோனே சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து நின்றார். "நீங்க பார்ப்பீங்கன்னு தெரியும். அதனால ஒப்புக்கு இருக்கிற மாத்திரையிலயும் நிறம் வர்ற அளவுக்கு ஒரு துளி சேர்த்திருக்கோம். இப்ப யாரும் கண்டுபிடிக்க முடியாது, நான் உட்பட."

"அடப்பாவி, மூத்திரத்தைக்கூட நம்ப முடியாத காலம்!" என்றார் ஒல்மிரோ.

அவருக்கு நடை வேகம் கூடியிருப்பதாகச் சொல்கிறார். காரிடாரில் நடந்து காட்டுகிறார். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை தம்பி. எனக்கு வந்தது ஒப்புக்குச் சப்பாணிதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் போவது பிடித்திருக்கிறது. என்னைப் போலவே சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்தால் வெட்கம் வருவதில்லை. கேக் அலங்காரத்தை நிறுத்திய பிறகு நான் யாரோடும் வாய்விட்டுச் சிரிக்கவே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

போன் என்னாயிற்று? உன் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

உன் அக்கா
ஜில்டா


லிவ்ரமெண்ட்டோ
ஜூன் 27, 2004

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். குளிர்காற்று ஆரம்பித்துவிட்டது. கதவை மூடி வைத்தாலும் சாவித் துவாரத்தில் புகுந்து வருகிறது. இடது தோள்பட்டையில் பிடிப்பு, குளிரினால்தான்.

மாத்தே இலைக்கு நன்றி. மார்லேனி ஆகா ஓகோ என்றாள். எனக்கு அதுவும் வெந்நீர் மாதிரிதான் இருந்தது. வழியில் வாசனை பறந்துவிட்டதோ என்னவோ.

உன் சூரியகாந்திக் கதையைப் படித்துவிட்டு மார்லேனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்குச் சிரிப்பே வரலையா? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. என் மேல என்ன கோபம்?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். நான் உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. முகத்தில் தெரியவில்லையாம். இது ஒரு குற்றமா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்துப் பண்ணையில் ரமோன் என்று ஒருவர். உனக்குத் தெரியாது, புதிதாக வந்தவர். அவருக்கும் ஒரு கை லேசாக நடுங்குகிறது. டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறார். அவர் பிழைப்பு பத்துப் பேர் முன்னால் நிற்கிற பிழைப்பு. விஷயம் வெளியில் தெரிந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். உன் மாத்திரையில் கொஞ்சம் அனுப்பினால், சத்தமில்லாமல் சாப்பிட்டுப் பார்ப்பார். பாவம், நல்ல மனிதர். உனக்கு ஒப்புக்கு மாத்திரைதான் என்று நீயே சொல்கிறாய், ஒருவேளை அது தவறாகக்கூட இருக்கலாம் இல்லையா?

அவருக்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி
அபரிசியோ


போர்த்தோ அலெக்ரி
ஜூலை 11, 2004

அன்புள்ள தம்பி,

தோள்பட்டைப் பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. குளிர்காலம் முடிகிற வரை நீங்கள் இருவரும் பத்திரமாக இருங்கள். எனக்கு உடம்பில் புதிதாக எதுவும் இல்லை.

உன் ரமோன் விஷயம் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. முதலில் ஒரு டப்பாவில் எண்ணிக்கூடப் போட்டேன். மாவு சலித்த கை, பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்டால் இல்லை என்று சொன்னதே இல்லை. ஒரு மனிதன் பயந்து போய் மாத்திரை கேட்கிறான், எப்படி மறுப்பது?

ஆனால் அனுப்பப் போவதில்லை அபரிசியோ. கோபப்படாமல் கேள். நான் சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமல், சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் என் கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதற்கு அர்த்தமே இல்லை. ஒல்மிரோ தினமும் கோழிக்கறி தின்று அழுகிறார். தொலைவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். அவர்கள் எல்லாருடைய கஷ்டத்திலும் நான் ஓட்டை போட்டதாகிவிடும்.

இன்னொன்று. இந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ரமோன் இதைச் சாப்பிட்டுக்கொண்டு, சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டே இருந்தால், நிஜமாக உதவுகிற வழக்கமான மருந்தை எப்போது சாப்பிடுவார்? எனக்கு அந்த மருந்து ஆரம்பித்த பிறகுதான் படுக்கையில் தானாகப் புரள முடிந்தது. அவரை டாக்டரிடம் போகச் சொல். கூச்சம் ஒரு நாள்தான்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதே.

அக்கா
ஜில்டா


லிவ்ரமெண்ட்டோ
ஜூலை 30, 2004

அக்காவுக்கு,

நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

பரவாயில்லை. நீ சொன்னது நியாயம்தான். ரமோனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு இனி எதுவும் வேண்டாமாம்.

ஏலக் கூடத்தில் என் பெயர்ப் பலகையை எடுத்துவிட்டு நெல்சியின் பெயரை மாட்டிவிட்டார்கள். நான்தான் சொன்னேன். வயதாகிறது, போதும்.

தம்பி
அபரிசியோ


போர்த்தோ அலெக்ரி
ஆகஸ்ட் 15, 2004

என் அன்புத் தம்பி அபரிசியோவுக்கு,

இன்று மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்குப் போய் உனக்கும் மார்லேனிக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இருப்பீர்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். டாக்டருக்கு நேரமாகிவிட்டது. சும்மா இருக்க முடியாமல் ஒல்மிரோ, "உங்களுக்கெல்லாம் முதல்ல எது போச்சு?" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு வாசனை. கை நடுங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே. பொண்டாட்டி காபி போட்டா அதுல வாசனையே இல்லைன்னு அவகிட்ட சண்டை போட்டேன். அவ என்ன பண்ணுவா? மூக்குதான் போச்சு. அப்புறம் அவ என்கிட்ட சண்டை. ஏன் எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கேன்னு. நான் எங்கேம்மா தூக்கினேன்? அது தானா உறைஞ்சு போச்சு. பஸ்ல கடைசி சீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்துவேன், அந்தக் குரலும் உள்ளே போயிடுச்சு. போன்ல பேசினா, 'யாரு? சத்தமாப் பேசுங்க'ன்னு சொல்லுவாங்க. அதனால போனையே எடுக்கறதில்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் காது அடைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன்.

ரமோனைப் பற்றி மறுபடி எழுதுகிறேன் என்று வருத்தப்படாதே. முந்தின கடிதத்தில் நான் அவரை யாரோ என்று நினைத்து எழுதிவிட்டேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. எனக்கு இப்போது அவரைப் பிறந்ததிலிருந்து தெரிந்த மாதிரி இருக்கிறது.

அவரிடம் இதைச் சொல். அவர் பிழைப்பு முடிந்துவிடவில்லை. அவர் முகம் மரத்துப் போனாலும் உள்ளே சிரிக்கிறார் என்பது அவரை நேசிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவர் சொல்ல வேண்டும், அவர் மனைவி பாவம். எழுத்து சிறுத்துப் போனதற்காக ஒரு முட்டாள் அவரைக் கேலி செய்திருந்தால், அந்த முட்டாளை மன்னிக்கச் சொல்.

டாக்டர் இவோனேயிடம் ரமோனைப் பற்றிச் சொன்னேன். "மாத்திரையை அனுப்பாதீங்க, ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார். செப்டம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை. ரமோன் என்ற பெயரிலேயே நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். என் வீட்டில் கட்டில் விரித்து வைப்பேன். பஸ்ஸில் தனியாக வரக் கூச்சமாக இருந்தால் நீ துணைக்கு வா. அவர் வரவே மாட்டேன் என்றால், அவருக்குப் பதிலாக நீ மட்டும் வந்தாலும் போதும்.

உன் அக்கா
ஜில்டா


லிவ்ரமெண்ட்டோ
செப்டம்பர் 5, 2004

பிரியமுள்ள அக்காவுக்கு,

மார்லேனி எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆயிற்று, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் படித்து முடித்ததும் நேராகக் குதிரைக் கொட்டகைக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அழுகிறாரா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்து இப்போதெல்லாம் எதுவும் தெரிவதில்லையே.

"ரமோனுக்கு என்னவாம்?" என்று கேட்டேன். நம் பக்கத்தில் ரமோன் என்று யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா அக்கா?

"ரமோனை அக்கா கண்டுபிடிச்சுட்டா" என்றார். அவர் குரல் எனக்கே எட்டவில்லை, வாயருகில் காதை வைத்துக் கேட்டேன். அப்புறம், "நான் உன் மேல கோபமா இல்லை மார்லேனி. ஒரு நாளும் இருந்ததில்லை" என்றார். ஒரு வருஷமாக நான் இதைக் கேட்பதற்காகத்தான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மின்னல் எதுவும் விழவில்லை அக்கா. போன் வயரைப் பிடுங்கி வைத்தது அவர்தான். லாரிக்காரரிடம் அப்படிச் சொல்லச் சொன்னதும் அவர்தான். ஏலத்தில் ஒரு நாள், "சத்தமா சொல்லுய்யா, நாட்டுக் காளையா நாய்க்குட்டியா?" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். கூட்டம் சிரித்திருக்கிறது. அன்றோடு அவர் போனையும் தொடவில்லை.

இரண்டு நாள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் போய் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். "ரமோனுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு" என்றார்.

பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை சாயங்காலம் வந்து சேருவோம். உங்களுக்காக ஒரு டப்பா பால் அல்வா கொண்டு வருகிறேன். அதில் மாட்டிறைச்சி இல்லை.

கும்பிடுகிறேன் அக்கா.

மார்லேனி


லிவ்ரமெண்ட்டோ
நவம்பர் 28, 2004

என் அன்பு அக்காவுக்கு,

நீ நலமா? நாங்கள் நலம். இந்த வார்த்தையை இந்த வருஷம் முதல் முறையாகப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன். எழுத்தின் அளவைப் பார். வரிக்கு வரி கோடு போட்டுக்கொண்டு, அதைத் தொடுகிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் வேலை செய்கிறது, நேற்றுக்கூடப் பேசினோம். ஆனால் சிலதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸ் வெளியே வந்து, "ரமோன் யாரு?" என்று கூப்பிட்டபோது நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நீ என்னைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "போடா" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். துணைக்கு வந்திருந்த உன் நண்பர் ஒல்மிரோதான் கையைத் தூக்கி, "அவர் இல்லைன்னா நான் போறேன், டாக்டரை வாரத்துல ரெண்டு தடவை பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். அந்தச் சிரிப்பில் நான் எழுந்துவிட்டேன்.

உள்ளே போனதும் டாக்டர், "உங்க பேரு?" என்று கேட்டார். "அபரிசியோ" என்றேன். அவர் தாளில் இருந்த பெயரை அடித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மாற்றி எழுதிக்கொண்டார்.

மருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தோள் இளகியிருக்கிறது. முன்பு கால் சட்டைக்குள் காலை விடுவது கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடிப்பது மாதிரி இருந்தது, இப்போது மனிதன் மாதிரி உடுத்துகிறேன். வாசனை வரவில்லை. அது வராது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். குரலுக்கு ஒரு பெண் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தினமும் மேய்ச்சல் நிலத்தில் நின்று 'ஆ' என்று மூச்சு முட்டக் கத்த வேண்டும். முதல் வாரம் மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது ஓடுகின்றன. மார்லேனி வேலி ஓரத்தில் நின்று கை தட்டுகிறாள்.

நீ அந்த மாத்திரையை அனுப்பியிருந்தால் நான் சத்தமில்லாமல் தின்றுவிட்டு, கொட்டகையில் உட்கார்ந்து உறைந்திருப்பேன் அக்கா. நீ கொடுக்க மறுத்தபோது உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்துக்காகவும் சேர்த்து உன் கையை முத்தமிடுகிறேன், ஆடினால் ஆடட்டும்.

உன் தம்பி
அபரிசியோ


போர்த்தோ அலெக்ரி
ஜனவரி 16, 2005

அன்புத் தம்பிக்கும் மார்லேனிக்கும்,

புது வருஷம் உங்கள் வீட்டில் உரத்த குரலோடு பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு வெயில் ஒன்றுதான் கஷ்டம். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

பரிசோதனையின் முடிவைச் சொல்ல எங்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் பழரசமும் பிஸ்கட்டும். டாக்டர் இவோனே ஒலிபெருக்கி முன்னால் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"வைட்டமின் சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் எந்த வித்தியாசமும் தெரியலை. நம்ம ஆய்வு சின்னதுதான். ஆனா நாங்க எதிர்பார்த்த பலன் இதுல இல்லை."

 இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். பிறகு யார் என்ன சாப்பிட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்கள். ஒல்மிரோ சாப்பிட்டது ஒப்புக்கு மாத்திரை! "அப்ப ஆறு மாசமா காரிடார்ல நடந்து காட்டினது யாரு?" என்றார். நான்? ஒப்புக்குச் சப்பாணி என்று சத்தியம் செய்துகொண்டிருந்த நான் சாப்பிட்டது அசல் வைட்டமின். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன்.

ஒல்மிரோ எழுந்து, "டாக்டர், ஒரே ஒரு சந்தேகம். இனிமே மாட்டு விலாக்கறி சாப்பிடலாமா?" என்றதும் கூடம் உயிர் பெற்றது.

முடிந்த பிறகு டாக்டர் ஒரு மூலையில் தனியாக நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. நாங்கள் ஆறு மாதம் நம்பினோம், அவர் பல வருஷம் நம்பியிருக்கிறார். "மன்னிச்சிடுங்க ஜில்டாம்மா. நல்ல செய்தி கொண்டுவர முடியலை."

அவரைக் கட்டிக்கொண்டேன். "வேகாத கேக்கை மேல சர்க்கரை பூசி மேசைக்கு அனுப்பறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன் டாக்டர். நீங்க வேகலைன்னு சொன்னீங்க. எங்களை மதிச்சிருக்கீங்க" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். கை அடங்கும் என்று உள்ளுக்குள் ஆசை இருக்காதா? ஆனால் அந்த நாற்காலிகளில் உட்காராமல் இருந்திருந்தால், வாசனை போனதைப் பற்றி ஒல்மிரோ பேசியதை நான் கேட்டிருக்க மாட்டேன். அதை நினைத்ததும் அழுகை நின்றுவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துக் கேக் மாவு கரைத்தேன். அலங்காரம் கோணல்மாணல்தான். அடுத்த வியாழன் எல்லாரும் ஒல்மிரோ வீட்டில் கூடுகிறோம், அங்கே எடுத்துப் போகப் போகிறேன். பரிசோதனை முடிந்தாலும் வியாழக்கிழமையை விடுவதாக இல்லை.

மாதாவின் கருணை உங்களோடு.

அக்கா
ஜில்டா


லிவ்ரமெண்ட்டோ
மார்ச் 13, 2005

என் அன்பு அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். மார்லேனி உனக்கு முத்தங்கள் அனுப்புகிறாள்.

போன வாரம் டாக்டர் இவோனேயிடம் வந்துவிட்டு உன் வீட்டில் தங்கிய இரண்டு நாளும் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லவில்லை. பழைய புத்தி என்று திட்டாதே. முடிவான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

புதிதாக நோய் கண்டவர்களை வைத்து இன்னொரு பரிசோதனை ஆரம்பிக்கிறார்கள். இந்த முறை வைட்டமின் டி. பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு ஒப்புக்குச் சப்பாணி. மாதா மாதம் பஸ்ஸில் வருவேன், உன் கட்டிலைத் தயாராக வைத்திரு. மாட்டிறைச்சி சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன ஞாயிறு கோயில் கட்டட நிதிக்காக நடந்த சின்ன ஏலத்தில் நான்தான் கூவினேன். ஒலிபெருக்கி வைத்துக்கொண்டேன். பழைய குரல் இல்லை. ஆரம்பிக்கும் முன்னால், "எனக்குப் பார்க்கின்சன், குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும், காதைத் தீட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் தோல் பதனிடுகிற ஒரு கிழவர் என்னிடம் ஒதுங்கி வந்து, தன் கையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இதுக்கு எங்கே போகணும்?" என்றார். அடுத்த முறை அவரும் என்னோடு வருகிறார். ரமோன் என்று பொய்ப்பெயர் எல்லாம் இல்லை, தன் பெயரிலேயே.

கையெழுத்துப் போடும்போது டாக்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "முன்கூட்டியே சொல்லிடறேன். இதுலயும் பலன் இல்லாமப் போகலாம். ஏமாற்றமா இருக்கும். உங்க அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தீங்க இல்லையா?"

"பார்த்தேன் டாக்டர்" என்றேன். "எங்க அக்கா சாப்பிட்டதுல பலன் இல்லைன்னு நீங்க சொல்றீங்க. நான் உங்க முன்னாடி உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கேன், அதுவும் கடைசி நாற்காலி வரைக்கும் கேக்கற மாதிரி."

உன் தம்பி
அபரிசியோ